நாடி பிடிக்கும் பெண்ணை விரட்டாதீர்கள்!

உறவுக்காரர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். டாக்டர் வந்தால் எழுந்து நிற்கிறோம். நர்ஸ் வந்தால் "சிஸ்டர்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோம். ஆனால், காலையும் மாலையும் ஒரு தட்டில் தெர்மாமீட்டரையும் பி.பி. பார்க்கிற கருவியையும் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக வருகிறாளே ஒரு சின்னப் பெண், அவளை என்னவென்று கூப்பிடுகிறோம்? "ஏ பொண்ணு", "இந்தாம்மா"... சில பேர் "ஆயா" என்றே கூப்பிடுகிறார்கள்!

அந்தப் பெண்ணுக்கு நர்ஸிங் அசிஸ்டென்ட் என்று பெயர். பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ பயிற்சி எடுத்துவிட்டு வேலைக்கு வருகிற, நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற பெண்கள். படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளியைத் துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்கள் வேலைதான். இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. அதைத்தான் நாம் வேலையாகவே நினைப்பதில்லை. ஜுரம் பார்ப்பது, நாடித் துடிப்பை எண்ணுவது, மூச்சை எண்ணுவது, பி.பி. பார்ப்பது ஆகிய நாலும்தான் அது. இந்தக் காலத்தில் விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்ப்பதும் சேர்ந்துவிட்டது. இவற்றை ஆங்கிலத்தில் 'வைட்டல் சைன்ஸ்' என்கிறார்கள். ஒரு மனுஷனின் உயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் அடையாளங்கள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய டாக்டர் வார்டுக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறார்? கட்டில் காலில் தொங்குகிற சார்ட்டைத்தான். அதில் இருக்கும் நம்பர்கள் இந்தப் பெண் எழுதியவை. நம்பர் சரியாக இருந்தால் வைத்தியம் சரியாக நடக்கும். நம்பர் தப்பு என்றால் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தும் என்ன பிரயோஜனம்? ஆகவே, இது எடுபிடி வேலை இல்லை, வைத்தியத்தின் முதல் படி என்பது என் கருத்து. ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2023-ம் வருஷம் ஐப்பசி மாதம் என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். துணைக்கு நான்தான் பத்து நாள் இருந்தேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள் என்றாலும் நம்பர் படிக்கத் தெரியுமே! பொழுது போகாமல் சார்ட்டை எடுத்துப் பார்ப்பேன். ஜுரம் ஒரு வேளைக்கு ஒரு மாதிரி இருக்கும். நாடி 84, 90, 88 என்று மாறும். பி.பி.யும் ஏறி இறங்கும். ஆனால், மூச்சு என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் மட்டும் 20, 20, 20 என்று மூன்று நாளும் ஒரே நம்பர். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் 20. எதிர்க் கட்டில் பெரியம்மாவுக்கும் 20. ஊரில் உள்ள எல்லாரும் பேசி வைத்துக்கொண்டா மூச்சு விடுவார்கள்?

நாலாம் நாள் சாயந்திரம் வேறொரு பெண் டியூட்டிக்கு வந்தாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். ஜுரம் பார்த்தாள், பி.பி. பார்த்தாள். அப்புறம் என் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தபடி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். என் கொழுந்தனாருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, மத்தவங்கல்லாம் ரெண்டு செகண்டுல பார்த்துட்டுப் போறாங்க. நீ என்ன கையைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறே?" என்று கேட்டேவிட்டார். அவள் கோபப்படவில்லை. "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று மெதுவாகச் சொன்னாள். பேசியதில் எண்ணிக்கை விட்டுப்போச்சாம். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்!

எண்ணி முடித்ததும் முகம் மாறிவிட்டது. நேராக சிஸ்டரிடம் போனாள். "பாட்டிக்கு மூச்சு 32 இருக்கு சிஸ்டர், சாயந்திரத்துக்கு முன்னாடி எழுதினதைப் பார்த்தா எல்லாம் 20-ன்னு இருக்கு" என்று அவள் சொன்னது எங்களுக்கும் கேட்டது. டியூட்டி டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். எக்ஸ்-ரே எடுத்தார்கள். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் ஜுரம் 99 டிகிரிதான், பி.பி.யும் பெரிதாக மாறவில்லை. மூச்சு ஒன்றுதான் காட்டிக் கொடுத்தது. அன்று ராத்திரியே ஆக்ஸிஜன் வைத்து மருந்து ஏற்றினார்கள். என் மாமியார் இன்றைக்கும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு என்னை அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார்!

மீதி நாட்களில் அந்தப் பெண்ணிடம் நான் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் சரியாம். நாடி 60 முதல் 100 வரை. மூச்சு எண்ணுவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. "உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று நோயாளியிடம் சொல்லக் கூடாதாம். சொன்னால் அவர்களை அறியாமலே மூச்சை இழுத்துப் பிடித்து, மாற்றி விடுவார்கள். அதனால்தான் நாடி எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், நாடி பார்ப்பதுபோலவே நின்றுகொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுகிறார்கள். என் கொழுந்தனார் வேடிக்கை என்று நினைத்தது இதைத்தான்! நாடியைக் கட்டை விரலால் பார்க்கக் கூடாது, கட்டை விரலிலேயே நாடி துடிப்பதால் பார்க்கிறவரின் துடிப்பையே எண்ணிவிடக் கூடும் என்றும் சொன்னாள். துடிப்பு ஒழுங்காக இருந்தால் அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பாக்கலாம். விட்டு விட்டுத் துடித்தால் முழு நிமிஷமும் எண்ண வேண்டும்.

பி.பி. பார்ப்பதும் அப்படித்தான். பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக் காற்றை மெதுவாக இறக்குகிறார்களே, அப்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்க ஆரம்பிக்கும் இடம் மேல் நம்பர். சத்தம் மறையும் இடம் கீழ் நம்பர். இந்தச் சத்தத்தைக் கண்டு சொன்னவர் கொரோட்காஃப் என்ற ரஷ்ய டாக்டர். 1905-ல் சொன்னார். நூறு வருஷம் தாண்டியும் இதே முறைதான் இருக்கிறது. இவ்வளவு மெல்லிய சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? செல்போனில் சீரியல் ஓடவிடுகிறோம். நோயாளியிடம், "மாமா, உங்க பங்காளி வீட்டுக் கல்யாணத்துல என்ன கூத்து தெரியுமா?" என்று ஊர்க் கதை பேசுகிறோம். பேசினால் பி.பி. ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். கால் மேல் கால் போட்டிருந்தாலும், கையைக் கீழே தொங்க விட்டிருந்தாலும் கூடுதலாகக் காட்டும். காபி குடித்தோ பீடி, சிகரெட் பிடித்தோ அரை மணி நேரம் ஆகாமல் பார்த்தாலும் தப்புத்தான். அப்படி எழுதப்பட்ட நம்பரைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டினால் அது யார் குற்றம்?

சரி, மற்ற பெண்கள் 20 என்று எழுதிவிட்டுப் போனார்களே, அவர்கள் எல்லாம் மோசமானவர்களா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் வீட்டுக் கணக்குப்போல இதையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வார்டில் 24 கட்டில். ஒரு வேளைக்கு ஒரே ஒரு பெண். ஒரு நோயாளிக்கு ஜுரம், நாடி, மூச்சு, பி.பி. எல்லாம் ஒழுங்காகப் பார்த்து எழுத அஞ்சு நிமிஷமாவது வேண்டும். 24-ஐ அஞ்சால் பெருக்கினால் 120 நிமிஷம், அதாவது முழுசாக ரெண்டு மணி நேரம். ஆனால், பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வருவதற்குள் ஒரு மணி நேரத்தில் எல்லாச் சார்ட்டும் முடிந்திருக்க வேண்டும் என்று உத்தரவு! நடுவில் ஒருவர் பெட்பான் கேட்பார். ஒருவருக்கு டிரிப்ஸ் தீர்ந்திருக்கும். ஒருவருடைய சொந்தக்காரர் வந்து சண்டை பிடிப்பார். அவளும் என்னதான் செய்வாள்? எதை விட்டால் யாருக்கும் தெரியாதோ அதைத்தான் விடுவாள். அது மூச்சு எண்ணுவது. செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். எண்ணாமல் எழுதுவது தப்புத்தான், எண்ண முடியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுவது மேல். ஆனால், இந்தத் தப்பில் பெரிய பங்கு, ரெண்டு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொல்லும் நிர்வாகத்துக்கு உண்டு.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை. மேல்நாட்டு மருத்துவப் பத்திரிகைகளிலேயே மூச்சு எண்ணிக்கைதான் ரொம்பவும் அலட்சியப்படுத்தப்படுகிற அடையாளம் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2012-ல் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பு ஒரு மார்க் முறை கொண்டு வந்தது. 2017-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. ஒவ்வோர் அளவுக்கும் மார்க் போட வேண்டும். பரீட்சைக்கு நேர்மாறாக இதில் மார்க் கூடினால் ஆபத்து. மூச்சு 12 முதல் 20 வரை என்றால் சைபர், 21 முதல் 24 வரை 2 மார்க், 25-ம் அதற்கு மேலும் 3 மார்க். ஒரே அளவுக்கு 3 மார்க் வந்தாலே உடனே கவனி என்று அர்த்தம். அங்கே மூச்சுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும்போது, இங்கே அதைக் கண்ணை மூடிக்கொண்டு 20 என்று எழுதலாமா?

"இப்பல்லாம் மெஷின் வந்தாச்சு, மனுஷங்க எதுக்கு?" என்று சிலர் சொல்கிறார்கள். 2020, 2021 கொரோனா சமயத்தில் நாமும்தான் ஆளுக்கு ஒரு ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். கை சில்லிட்டிருந்தாலோ, விரலில் கறுப்பாக நகப்பூச்சு இருந்தாலோ அது தப்பாகக் காட்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கறுத்த தோலுக்கு உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிவிடுவதும் உண்டு என்கிறார்கள். பி.பி. மெஷினும் பட்டை சின்னதாக இருந்தால் கூடுதலாகக் காட்டும், ரொம்பப் பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினாலும் சரியாக வராது. மெஷின் நம்பரைக் காட்டும். அந்த நம்பர் இந்த ஆளுக்குப் பொருந்துகிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து "சும்மாதானே நிக்கிறே?" என்று கேட்கிறவர்கள்தான், நாடி பிடித்து நிற்கிறவளையும் அப்படிக் கேட்கிறார்கள். நாம் பெண்கள் செய்கிற வேலையில் பாதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைதானே! அது நமக்கே புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூச்சு எண்ணுவது குழந்தை வளர்க்கும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சளி, இருமல் உள்ள குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ரெண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, ரெண்டு மாதத்திலிருந்து ஒரு வயது ஆகும் வரை 50, ஒரு வயதிலிருந்து அஞ்சு வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம். கஷாயம், தைலம் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். இது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. இதற்கு மெஷின் வேண்டாம், படிப்பு வேண்டாம். கடிகாரமும் பொறுமையும் இருந்தால் போதும்.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க அனுப்பப்பட்டவர்கள் யார்? சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த, நம்மைப் போன்ற பெண்கள்தான். பெரிய படிப்பு இல்லாத பெண்ணிடமும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் ஒழுங்காக அளந்து எழுதுவாள் என்று நம்பித்தானே அரசாங்கமே அனுப்பியது? அந்த நம்பிக்கையை ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிற பெண்ணிடமும் வைக்கலாமே.

எனக்குத் தோன்றும் யோசனைகளைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் ஒரு பெண்ணுக்கு இத்தனை கட்டில்தான் என்று ஒரு அளவு வைக்க வேண்டும். ரவுண்ட்ஸுக்கு முன் அவளுக்கு வேறு எடுபிடி வேலை சொல்லக் கூடாது. செகண்டு முள் உள்ள கடிகாரமும், ஒல்லிக் கைக்கும் பருத்த கைக்கும் தனித்தனிப் பட்டையும் கொடுக்க வேண்டும். ஏதாவது மாற்றத்தைக் கண்டு சொன்னால் "உனக்கென்ன தெரியும்?" என்று வாயை அடைக்காமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சம்பளத்தையும் யோசிக்க வேண்டும். அந்தப் பெண் வாங்குவது எங்கள் வீட்டு மளிகைச் செலவுக்குத்தான் வரும். உயிரைக் காட்டும் நம்பரை எழுதுகிற கைக்கு இதுதான் விலையா?

துணைக்கு இருக்கும் நாமும் திருந்த வேண்டியது உண்டு. அவள் அளக்கும் அந்த அஞ்சு நிமிஷம் வாயையும் செல்போனையும் மூடி வைப்போம். ஜுரம் பார்க்கும் நேரத்தில் சுடச்சுடக் காபி கொடுத்துவிட்டு, "அப்பாவுக்கு ஜுரம் ஏறிடுச்சே!" என்று அலற வேண்டாம். வாயில் தெர்மாமீட்டர் வைப்பதென்றால் சூடாகவோ ஜில்லென்றோ குடித்து அரை மணியாவது போகட்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கும் கையிலும், மார்பகத்தில் ஆபரேஷன் ஆகி அக்குள் கட்டிகளை எடுத்திருக்கும் பக்கத்துக் கையிலும் பி.பி. பார்க்கக் கூடாது. புதிதாக வருகிற பெண்ணிடம் அதை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். அளந்து முடித்ததும் "எவ்வளவும்மா இருக்கு?" என்று அன்பாகக் கேட்டு, பிள்ளைகளின் பழைய நோட்டில் தேதி, மணி போட்டுக் குறித்து வையுங்கள். மூச்சுக் கட்டத்தில் நாள் முழுக்க ஒரே நம்பர் இருந்தால், "கொஞ்சம் எண்ணிப் பாரும்மா, நான் இங்கேயே நிக்கிறேன்" என்று தன்மையாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதி சரியாகிவிடும்.

நம் தெருவிலேயே எத்தனையோ பெண் பிள்ளைகள் இந்த வேலைக்குப் படித்துவிட்டு, "ஆஸ்பத்திரியில ஆயா வேலை பார்க்கிற பொண்ணா?" என்ற ஏளனத்துக்குப் பயந்து வீட்டோடு இருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களும் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நாளைக்கு மூச்சு 32 ஆனால், அதை முதலில் கண்டுபிடிக்கப் போவது இப்படி ஒரு பெண்தான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.